மருந்து அடிச்சாச்சா?

காலை எட்டு மணிக்கு அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "மருந்து அடிச்சாச்சா?" அப்பா திண்ணையிலிருந்து, "அடிச்சாச்சு" என்பார். மாத்திரை போட்டாயிற்று என்று பொருள். ஐந்து வருடத்துக்கு முன்பு டாக்டர் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று சொல்லி, முதல் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கிய அன்று அப்பாவே தொடங்கிவைத்த கேலி அது. "நாப்பது வருஷம் வாழைக்கு அடிச்சேன், இனி எனக்கு அடிக்கணும், கேட்டியா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்த வார்த்தை உறுத்தத் தொடங்கியது, இன்றுவரை விடவில்லை.

நம் பேச்சில் பூச்சியைக் கொல்வதும் மருந்து, புல்லைக் கரிப்பதும் மருந்து, காய்ச்சலைத் தணிப்பதும் மருந்து. "அவன் மருந்தக் குடிச்சிட்டான்" என்று யாராவது சொன்னால் ஊரில் எவரும் எந்த மருந்து என்று கேட்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திருவட்டாருக்கும் இடையில் எங்கள் விளை. தென்னை, நடுவே ஏத்தன் வாழை, ஓரத்தில் கொஞ்சம் ரப்பர். சின்ன வயதில் அப்பா முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்ததைப் பார்த்திருக்கிறேன். வாளியில் மருந்தை ஊற்றி, கையில் அகப்பட்ட கம்பால் கலக்குவார். கம்பு அகப்படாத நாளில் கையையே விட்டுக் கலக்குவார். வேலை முடிந்ததும் சானலில் இறங்கி ஒரு குளியல். கையுறையை எல்லாம் அன்றைக்கு யாரும் கண்டதில்லை.

இப்போது அவர் போடுவது லெவோடோபா. அதற்கு ஒரு வம்பு உண்டு: பருப்பு, பயறு, மீன் என்று புரதம் வயிற்றில் கிடந்தால் மாத்திரை குடலிலிருந்து ஏறுவது மட்டுப்படும். இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் எட்டு மணி மாத்திரைக்குப் பிறகு அரைமணி நேரமாவது கழிந்துதான் புட்டும் பயறும். அந்த அரைமணி நேரம் அப்பா திண்ணைத் தூணில் சாய்ந்து, வலது கையை இடது கையால் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். மருந்து பிடிக்கும்போது உருட்டல் மெல்ல நிற்கும். நின்றதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போடு புட்ட" என்பார்.

ஒரு நாளைக்கு மூன்று கருக்கு

போன வருடம் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு போட்டார். 'மூளை செல்லில் தேங்கும் குப்பையை அள்ளும் அற்புதப் பொருள் இளநீரில் உள்ளது. விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு. நடுக்குவாதத்துக்கு நிரந்தரத் தீர்வு.' கீழே வழக்கம்போலக் கும்பிடும் கைகள். நான் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவன். இந்த மாதிரிச் செய்திகள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எரிச்சல் வரும். "சித்தப்பா, இதெல்லாம் நம்பாதீங்க, எந்த விஞ்ஞானின்னு ஒரு பேரு போட்டிருக்கா பாருங்க" என்று எழுதினேன். அவர் பதிலுக்கு, "கருக்கு நம்ம விளையிலதான மக்களே கெடக்கு, குடிச்சா என்ன நட்டம்?" என்றார். எங்கள் பக்கத்தில் இளநீர்க்காய்க்குக் கருக்கு என்று பெயர். அம்மா எனக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே மரமேறுகிறவரைக் கூப்பிட்டு ஒரு குலை இறக்கிவிட்டாள்.

பொய் என்று நிரூபித்துவிட்டால் அம்மா விட்டுவிடுவாள் என்று அன்றிரவு தேட உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஃபார்வர்டுக்குப் பின்னால் ஒரு நிஜம் இருந்தது. கைனெட்டின் என்றொரு பொருள். 1955இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் ஆகியோரின் குழு ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் இதைக் கண்டுபிடித்தது. ஹெர்ரிங் என்பது நம்மூர்ச் சாளைக்குத் தூரத்துச் சொந்தம். தாவர செல்களைப் பிரிந்து பெருக வைக்கும் பொருள் அது. பின்னால் இளநீரிலும் அது இருப்பதாகக் கண்டார்கள். திசு வளர்ப்பு செய்கிறவர்கள் 1940களிலிருந்தே இளநீரை ஊற்றிச் செடி வளர்த்து வந்ததற்கு இந்த வகைப் பொருள்களும் ஒரு காரணம். அப்புறம் 2013இல் கலிஃபோர்னியாவில் ஷோகாட்டின் குழு, செல்லுக்குள் போன கைனெட்டின் வேறொரு உருவம் எடுத்து, பிங்க்1 என்ற நொதியைச் சுறுசுறுப்பாக்குகிறது என்று வெளியிட்டது. செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற சின்ன உறுப்புக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். பிங்க்1தான் மூளை செல்லில் கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் காட்டுகிற ஆள். சித்தப்பாவின் 'குப்பை அள்ளும் பொருள்' இதுதான்.

சுண்ணாம்புக் குறி

பிங்க்1 செய்கிற வேலையை எங்கள் விளையில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தென்னைகளுக்கு வேர்வாடல் நோய் வரும். மடல் வளைந்து தொங்கும், காய்ப்புக் குறையும், மரம் சீக்கிரத்தில் சாகாது. ஆனால் நின்றுகொண்டே பக்கத்து மரங்களுக்கும் வினையாக முடியும். அப்பா ஒவ்வொரு மரமாகப் பார்த்து, தேறாது என்று தோன்றுகிற மரத்தின் தடியில் நெஞ்சளவு உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போடுவார். இரண்டு மூன்று நாளில் வெட்டுகிறவர்கள் வருவார்கள். குறி உள்ள மரத்தை மட்டும் சாய்த்து, துண்டு போட்டு எடுத்துப் போவார்கள். தடி வீட்டுக்கூரைக்கு ஆகும், மட்டை அடுப்புக்கு ஆகும்.

செல்லிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. நன்றாக இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு மின்னழுத்தம் உண்டு. அது இருக்கும்வரை பிங்க்1 உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டுப்பட்டு, சில நிமிடங்களில் அழிந்துவிடும். அழுத்தம் போய்விட்டால் அது உள்ளே போக வழியில்லாமல் வெளிப்புறத்திலேயே சேரும். சேர்ந்ததும் பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்க்கின் யுபிக்விட்டின் என்ற சிறு துண்டுகளை அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேலெல்லாம் ஒட்டும். அதுதான் சுண்ணாம்பு. குறி பட்டதை ஒரு பை வந்து மூடி, செல்லின் செரிமான அறையான லைசோசோமிடம் கொண்டு சேர்க்கும். அங்கே அது கரைக்கப்பட்டு, உதிரிப்பாகங்கள் மறுபடி பயனுக்கு வரும். மைட்டோஃபேஜி என்று பெயர். இதற்குப் பெரியம்மா முறையான ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் குப்பையைத் தானே தின்று தீர்ப்பது, அதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்த பிறகு, 'விரதம் இருந்தால் நோபல் பரிசு' என்கிற ரீதியில் ஃபார்வர்டுகள் பறந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பார்க்கின் மரபணு கெட்டுப்போனால் இளவயதிலேயே நடுக்குவாதம் வரும் என்று 1998இல் ஜப்பானியர்கள் கண்டார்கள். 2004இல் பிங்க்1 மரபணுவுக்கும் அதே கதை தெரியவந்தது. இந்த நோயில் சாகிறவை, கறுப்பாகத் தெரிகிற நடுமூளைப் பகுதியில் உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் செல்கள். அவை ஒவ்வொன்றும் எக்கச்சக்கமாகக் கிளைவிட்டுப் பரந்தவை. அவற்றுக்குச் சக்தியும் கூடுதலாக வேண்டும், கெடுகிற மைட்டோகாண்ட்ரியாவை உடனுக்குடன் அப்புறப்படுத்தவும் வேண்டும். இருந்தாலும் அப்பா மாதிரி அறுபது வயதுக்கு மேல் நோய் வந்த பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு மரபணுவிலும் கோளாறு கிடையாது. நான் அன்றிரவு இந்த வரியைப் படித்தேன், ஆனால் தாண்டிப் போய்விட்டேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அம்மாவுக்கு மரம் வெட்டுவது பிடிக்காது. அப்பா குறி போட்டுவிட்டுப் போனதும், இவள் மறுநாள் ஈரத்துணியோடு போய்ச் சில மரங்களில் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு வருவாள். வெட்டுகிறவர்கள் வந்து நின்று, "அண்ணாச்சி அஞ்சுன்னு சொன்னீரு, மூணுதான் காணுது" என்பார்கள். அப்பாவுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லமாட்டார். செல்லிலும் அப்படியொரு அம்மா உண்டு. யு.எஸ்.பி.30 என்று பெயர். பார்க்கின் ஒட்டுகிற குறிகளை அது பிய்த்தெடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிற வேதிப்பொருள்கள் ஒன்றிரண்டு இப்போது மனிதர்களில் முதற்கட்டச் சோதனை வரைக்கும் வந்திருக்கின்றன.

நான் கருக்கு வெட்டிய மூன்று வாரம்

2013 கட்டுரையைப் படித்து முடித்தபோது மணி இரண்டு இருக்கும். மறுநாள் காலையில் வெட்டுகத்தியை எடுத்துக் கருக்கு வெட்டியது நான்தான். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். குழுவில் சித்தப்பாவைக் கேலி செய்தவன், அதற்குப் பிறகு அந்தக் குழுவில் வாயே திறக்கவில்லை. காலை ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. அப்பா குடிக்கக் குடிக்க, "உள்ளே பிங்க்1 எழுந்து உட்காருகிறது" என்று எனக்குள் ஒரு படம் ஓடும். கை நடுக்கம் குறைந்த மாதிரிகூடத் தெரிந்தது. அப்பாவிடம் கேட்டால், "கொள்ளாம்" என்பார். அவர் எதற்கும் கொள்ளாம்தான் சொல்வார்.

நம்புவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்பா போடுகிற லெவோடோபாவே ஒரு விதையில் இருப்பதுதான். வேலியோரம் படர்ந்து, காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தப் பூனைக்காலி. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து தாமோதரன், ராமசாமி ஆகிய இருவர் அதன் விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் பொருளை நடுக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வியன்னாவில் ஆள் வந்தது 1961இல்தான். வேலியோரத்தில் மருந்து கிடந்ததென்றால், தென்னை மண்டையில் ஏன் இருக்கக்கூடாது?

நான்காவது வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. அப்பாவின் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். டாக்டர் தாளைப் பார்த்ததும் முகம் மாறி, முதலில் ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்துவிட்டு, "புதுசா என்ன சாப்பிடுறாரு?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வாத்தியார்தானே சார்?" என்று மட்டும் கேட்டார். அப்பா பிரஷருக்கு லோசார்ட்டன் போடுகிறார். அது உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். ஒரு கருக்கில் 500 மில்லிகிராம் பொட்டாசியம் சாதாரணமாக இருக்கும். மூன்று கருக்கு, மூன்று வாரம், எழுபத்தொரு வயது சிறுநீரகம். இதயத்துடிப்பே தாறுமாறாகியிருக்கலாம். ஆகவில்லை, அவ்வளவுதான்.

இ.சி.ஜி. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டிய கணக்கைச் செய்தேன். செல்லில் கைனெட்டின் கொடுத்துப் பார்த்த சோதனைகள் மைக்ரோமோலார் அளவில் நடந்தவை, அதுவும் பத்து, நூறு என்ற கணக்கில். இளநீரில் இருப்பது நானோமோலார் மட்டத்தில், அதற்கும் கீழே. மைக்ரோவுக்கும் நானோவுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு. இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடாவருடம் போர்டில் எழுதிப் போடுகிறவன் நான். அலகைக் கவனிக்காமல் விடை எழுதினால் அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறவன். பூனைக்காலி விதையில் எடைக்கு நூற்றுக்கு நான்கைந்து பங்கு வரை டோபா இருக்கிறது, ஆகவே அது வேலை செய்கிறது. இளநீரில் இருக்கிற கைனெட்டினை வைத்து அப்பாவின் மூளையை எட்ட வேண்டுமென்றால் மாவட்டத்துக் கருக்கு பூராவும் போதாது. போன கருக்கெல்லாம் பொட்டாசியமாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

அந்த பெஞ்சிலேயே போனில் தேடியபோது, நான்கு வாரத்துக்கு முன்பே தேடியிருக்க வேண்டிய இன்னொரு கட்டுரை கிடைத்தது. 2017இல் வெளியானது. நடுக்குவாதம் வரும்படி செய்த எலிகளுக்கு நீண்டகாலம் வாய்வழியாகக் கைனெட்டினையே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்புசெல்கள் சாவதை அது தடுக்கவில்லை. தலைப்பிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. சித்தப்பாவுக்கு ஒரு ஃபார்வர்டு போதுமாக இருந்தது. எனக்கு ஒரு ஆய்வுக்கட்டுரை தேவைப்பட்டது, ஆனால் ஒன்றே போதுமாக இருந்தது. கைனெட்டினை விட்டுவிட்டு அதன் வழியில் உருவாக்கிய வேறு மூலக்கூறுகளோடு ஆராய்ச்சி இன்னமும் ஓடுகிறது. அதைக் கையில் வைத்திருந்த சிறு நிறுவனத்தை 2023இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் வாங்கியது. வரட்டும், பார்க்கலாம்.

விஷத்தில் படித்த பாடம்

அதற்குப் பிறகு வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அப்பாவின் கேலிதான் மறுபடி வந்து நின்றது. பார்க்கின் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போய் ஒட்டுவதை 2008இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் யூல் குழுவின் நரேந்திராவும் மற்றவர்களும் காட்டினார்கள். அவர்கள் செல்லுக்குக் கொடுத்தது சி.சி.சி.பி. அது சவ்வின் மின்னழுத்தத்தையே கலைத்துவிடுகிற விஷம். விளையில் அத்தனை தென்னை மீதும் ஒரே நேரத்தில் இடி விழுந்த மாதிரி. எல்லா மரத்துக்கும் குறி விழும், எல்லாம் வெட்டுப்படும். 'இந்தப் பொருள் மைட்டோஃபேஜியைக் கூட்டுகிறது' என்று எங்கே பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது, குறி போடுகிறவனைச் சுறுசுறுப்பாக்கிக் கூட்டுகிறதா, மரத்தைக் கெடுத்துக் கூட்டுகிறதா என்பதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. விளையில் குறி போட்ட மரம் நிறையத் தெரிந்தால், வெட்டு மும்முரமாக நடக்கிறது என்றும் சொல்லலாம், வெட்ட ஆளே வரவில்லை என்றும் சொல்லலாம். மலேரியா மாத்திரையான குளோரோகுயின் லைசோசோமை முடக்குகிறது. அதைக் கொடுத்தாலும் செல்லுக்குள் குப்பைப் பைகள் பெருகித்தான் தெரியும்.

லைசோசோம் பக்கத்திலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். இருமல் மருந்தில் இருக்கிற அம்ப்ராக்சாலை நடுக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் பெரிய சோதனை பிரிட்டனில் நடக்கிறது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. மாதுளையிலிருந்து நம் குடல் பாக்டீரியா செய்கிற யூரோலித்தின் ஏ, 2016இல் புழுவின் ஆயுளைக் கூட்டியது. 2019இல் அல்சைமர் என்ற மறதி நோய் வரும்படி செய்த எலிகளுக்கு நினைவாற்றலைத் தேற்றியது. எல்லோர் குடலிலும் அதைச் செய்கிற பாக்டீரியா கிடையாது என்பதால் கேப்ஸ்யூலாகவே விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற மாமா மகன் ஒரு டப்பா வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எலியையும் அப்பாவையும் குழப்பிக்கொள்ள எனக்கு இனித் தெம்பில்லை.

அப்புறம் அந்த 1982 கதை. கலிஃபோர்னியாவில் போதை ஊசி போட்ட சில இளைஞர்கள் சில நாள்களுக்குள் சிலைபோல விறைத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். லேங்ஸ்டன் என்ற டாக்டர் துப்புத் துலக்கினார். செயற்கை ஹெராயின் என்று திருட்டுத்தனமாகத் தயாரித்தவன் செய்த தவறில் எம்.பி.டி.பி. என்ற பொருள் கலந்துவிட்டிருந்தது. அது மூளையில் மாற்றம் அடைந்து, டோபமைன் செல்லுக்குள் மட்டும் குறிவைத்து நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. ரோட்டினோன் நிறுத்துவதும் அதே இயந்திரத்தைத்தான். அது சில செடிகளின் வேரிலிருந்து எடுக்கிற பூச்சிமருந்து, ஆற்றில் கலக்கினால் மீன் மிதக்கும். 2000இல் கிரீனமயரின் குழு எலிகளுக்கு ரோட்டினோனைத் தொடர்ந்து கொடுத்து நடுக்குவாதத்தையே உண்டாக்கிக் காட்டியது. 2011இல் டேனரின் குழு பூச்சிமருந்து கையாளும் அமெரிக்க விவசாயிகளையும் அவர்களின் வாழ்க்கைத்துணைகளையும் ஆராய்ந்து, ரோட்டினோனோ பாராகுவாட்டோ கையாண்டவர்களுக்கு இந்த நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று சொன்னது. பாராகுவாட் புல்லைக் கரிக்கிற மருந்து.

அதைப் படித்தபோது பம்பு, வாளி, கை, சானல் எல்லாம் வரிசையாக வந்தன. அப்பாவின் நோய்க்கு அதுதான் காரணமா என்று சொல்ல ஒரு டாக்டராலும் முடியாது, ஒரு மனிதனை வைத்து அந்தக் கணக்குப் போட முடியாது. மருந்தே தொடாத வாத்தியாருக்கும் இந்த நோய் வருகிறது, நாள் முழுக்க மருந்து அடித்தவர் தொண்ணூறு வயதில் சைக்கிள் மிதிக்கிறார். கேட்டுவிடுவோம் என்று ஒருநாள் கேட்டேன்: "அப்பா, அந்த மருந்த கையால கலக்குனியளே, அப்ப ஒண்ணும் தோணலியா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாழ நட்டா குலை வெட்டணும், குலை வெட்டுனாத்தான் உனக்க ஃபீஸ் கட்ட முடியும். வேற என்ன தோணும்?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பம்பு இன்னமும் விறகுப்புரையில் தொங்குகிறது, வாஷர் போய்விட்டது.

போன மாதம் கிணற்றடித் தென்னைக்கு வாடல் தெரிந்தது. அப்பா காலையில் சுண்ணாம்பு டப்பாவும் தென்னை மட்டையில் செய்த பிரஷுமாகக் கிளம்பிவிட்டார். நான் கூடப் போனேன். மரத்தடியில் போய் நின்று கையை நீட்டினார், பிரஷ் மரத்தில் படாமல் அங்குமிங்கும் ஆடி, சுண்ணாம்பு அவர் வேட்டியில் தெறித்தது. "நான் போடட்டா?" என்றேன். "பொறு மக்கா, மருந்து பிடிக்கட்டு" என்று கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கை நின்றதும் எழுந்துபோய், ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு, நிதானமாகப் போட்டார். அடுக்களை ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அதுல ரெண்டு குலை கெடக்கே" என்றாள்.

"கெடக்கட்டு" என்றார் அப்பா. "நீ புட்ட எடு."